கைகூப்பிவிட்டு அடுத்த செய்திக்கு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

"இணையப் பழக்கங்கள் இறைநம்பிக்கையை வளர்க்கின்றனவா, வலுவிழக்கச் செய்கின்றனவா?" என்பது இன்றைய தலைப்பு. வலுவிழக்கச் செய்கின்றன என்னும் அணியில் நின்று பேச வந்திருக்கிறேன். படுக்கையை விட்டு எழ முடியாத முதியவரும் இன்று நேரலையில் வழிபாட்டைக் காண்கிறார் என்றார் எதிரணித் தலைவர். உண்மைதான். பெருந்தொற்றுக் காலத்தில் வழிபாட்டுத் தலங்கள் பூட்டிக் கிடந்தபோது பலருக்கு அந்தத் திரைதான் ஆறுதலாக இருந்தது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் கைபேசியைத் திறப்பது வழிபாட்டைக் காண்பதற்காகவா, குழுக்களில் வந்து விழும் செய்திகளைப் பார்ப்பதற்காகவா? தலைப்பில் உள்ள 'பழக்கம்' இரண்டாவதைத்தான் குறிக்கிறது என்பதால், என் வாதத்தையும் அங்கேயே வைத்துக்கொள்கிறேன்.

என் உறவினர் குழுவில் அடிக்கடி வரும் ஒரு செய்தியைச் சற்று நெருங்கிப் பாருங்கள். ஒரு குழந்தையின் படம். "இன்று காலை நம் பகுதியில் காணாமல் போய்விட்டது" என்று ஒரு வரி. "கடவுள் நம்பிக்கை உள்ளவர் இதைப் பகிராமல் இருக்க மாட்டார்" என்று இன்னொரு வரி. தேதி கிடையாது, தெருப்பெயர் கிடையாது, எந்தக் காவல் நிலையத்தில் புகார் பதிவானது என்ற விவரமும் கிடையாது. எந்த நாளில் படித்தாலும் அது 'இன்று காலை'தான். எவர் படித்தாலும் அது அவருடைய 'நம் பகுதி'தான். உள்ளூர் நிருபர் ஒருவர் இதே செய்தியை எழுதியிருந்தால் ஊரும் தேதியும் இல்லாமல் அது அச்சேறியிருக்காது. தவறென்று தெரிந்தால் போய்க் கேட்பதற்கு ஓர் அலுவலகமாவது இருந்திருக்கும். எங்கள் குழுவிலோ அந்தப் படத்தின் கீழே வரிசையாகக் கைகூப்பும் குறிகள் விழுந்தன. கொடுக்கப்பட்டிருந்த எண்ணை அழைத்துப் பார்த்தேன். அது உபயோகத்தில் இல்லை என்ற பதிவுக் குரல்தான் கேட்டது. அதைக் குழுவில் தெரிவித்தபோது பெரியம்மா ஒருவர், "நல்ல காரியத்தில் போய் எதற்கப்பா கேள்வி?" என்று வருத்தப்பட்டார்.

நடுவர் அவர்களே, நோய் அந்த வருத்தத்தில்தான் இருக்கிறது. நான் சந்தேகப்பட்டது ஒரு தொலைபேசி எண்ணை. அவருக்கோ அது கடவுளையே சந்தேகப்பட்டதுபோல் பட்டிருக்கிறது. இறைவனிடம் வைக்க வேண்டிய நம்பிக்கையை, யார் எழுதியது என்றே தெரியாத மூன்று வரிகளிடம் வைக்க இணையம் நம்மைப் பழக்கியிருக்கிறது.

சமயங்கள் இப்படிச் சொல்லவில்லை. நம்பத் தகாதவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள், இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிடுவீர்கள் என்பது குர்ஆனின் 49-ஆம் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் தரும் எச்சரிக்கை. ஒரே ஒருவரின் சாட்சியத்தைக் கொண்டு எவருக்கும் மரண தண்டனை கூடாது என்பது விவிலியத்தின் உபாகமம் வகுத்த சட்டம். 2018 ஜனவரியில் போப் பிரான்சிஸ் பொய்ச் செய்திகளைக் குறித்தே ஒரு செய்தி வெளியிட்டார். ஏவாளிடம் பேசிய பாம்பிலிருந்தே அவர் அந்த வரலாற்றைத் தொடங்கினார். விசாரிப்பது பக்திக் குறைவு என்று எந்த மறை சொன்னது என்பதை எதிரணியினர் எடுத்துக்காட்டட்டும்.

விசாரிக்காததன் விலை என்ன? 2018-ஆம் ஆண்டில் பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுவதாக வாட்ஸ்ஆப் வழியே இந்தியாவின் பல மாநிலங்களில் வதந்தி பரவியது. அப்போது சுற்றிய காணொளிகளில் ஒன்று, குழந்தைப் பாதுகாப்புக்காகக் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திருப்பி ஒப்படைக்கும் இறுதிக் காட்சியை மட்டும் வெட்டிவிட்டு அதை உலவவிட்டிருந்தார்கள். அவ்வாண்டு ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில், ரெயின்பாடா என்ற சிற்றூரில் ஐந்து பேர் அடித்துக் கொல்லப்பட்டனர். அவர்கள் நாத பந்தி தவரி கோசாவி என்னும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். ஊர் ஊராகச் சென்று பிச்சை ஏற்பது அந்தச் சமூகத்தின் வழிவழி வாழ்க்கை. வாசலில் வந்து நிற்கும் இரவலரை வெறுங்கையோடு அனுப்பாதே என்று காலங்காலமாக நம்பிக்கை கற்றுக்கொடுத்ததை, ஒரு பகிர்வு எளிதில் அழித்துவிட்டது.

"இதைப் பதினொரு பேருக்கு எழுதாவிட்டால் கேடு வரும்" என்ற அஞ்சலட்டைகள் இணையத்துக்கு முன்பே இருந்தனவே என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் கேட்டார். நல்ல கேள்வி. பதினொரு அட்டைகளைக் கையால் எழுதுவதற்குள் பாதிப் பேருக்கு அலுத்திருக்கும். அந்த அலுப்புதான் அன்று நமக்குக் காவல். அந்தக் காவல் போய்விட்டதை வாட்ஸ்ஆப் நிறுவனமே செயலால் ஒப்புக்கொண்டது. ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்குமேல் அனுப்ப முடியாதபடி 2018 ஜூலையில் இந்தியாவிலும், 2019 ஜனவரியில் உலகம் முழுவதும் வரம்பு கட்டியது. பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒருமுறைக்கு ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் இன்னும் இறுக்கியதும், அத்தகைய பகிர்வுகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்நிறுவனமே அறிவித்தது. கூடுதலாகச் சில முறை விரலை அசைக்க வேண்டும் என்றவுடன் கைவிடப்பட்ட பகிர்வுகளை இறைத்தொண்டு என்று எதிரணி எப்படிச் சொல்கிறது?

பொய்யென்று தெரிந்த பிறகு வரும் மறுப்பில் "பகிர்ந்தால் நன்மை உண்டாகும்" என்ற வரி இருப்பதில்லை. அதை அனுப்புவதற்கு உண்மையின்மேல் உள்ள அக்கறை ஒன்றே காரணமாக இருக்க முடியும். காணாமல் போன குழந்தையின் படத்தைப் பக்தியோடு அனுப்பியவர்களில் எத்தனை பேர், அந்த எண் செல்லாது என்ற தகவலையும் அதே பக்தியோடு அனுப்பினார்கள் என்பதை அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் விளக்கட்டும். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.