ஜெயித்தவன் தலையில் கடன்! 122 ஆண்டுகள் கட்டிய ஹைட்டி

ஒரு போர். ஒரு பக்கம் நெப்போலியனின் படை. எதிர்ப்பக்கம், பத்துப் பன்னிரண்டு வருடம் முன்புவரை சவுக்கடிக்குக் கீழே கரும்பு வெட்டிக்கொண்டிருந்த அடிமைகள். ஜெயித்தது அடிமைகள்தான். சரி, நஷ்ட ஈடு யார் யாருக்குக் கொடுத்தார்கள்? ஜெயித்தவர்கள், தோற்றவர்களுக்கு! அதுவும் கடன் வாங்கி. அந்தக் கடனையும் தோற்ற நாட்டு வங்கிக்காரர்களிடமே வாங்கி. அது தொடர்பான கடைசிக் கடன் அடைந்த வருடம் 1947. நாம் செங்கோட்டையில் கொடி ஏற்றிய அதே வருடம்.

[திரையில்: கரீபியன் கடல் வரைபடம், ஹைட்டி சிவப்பில்]

பின்னணியை வேகமாக ஓட்டிவிடுகிறேன். இந்த இடத்தின் பழைய பெயர் சான் தொமாங். பிரான்சின் காலனிகளிலேயே பணம் காய்ச்சி மரம் இதுதான். ஐரோப்பா கரைத்துக் குடித்த சர்க்கரையில் சுமார் நாற்பது சதவீதம் இங்கிருந்து போனது. அந்தச் சர்க்கரையைப் பிழிந்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள், சுமார் ஐந்து லட்சம் பேர். வெள்ளையர்கள் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நின்று பார்ப்போம். அறுவடைக் காலத்தில் கரும்பு ஆலை ராத்திரியும் ஓடும். தூக்கம் சொக்க, உருளைகளுக்கு நடுவே கரும்பைச் செருகிக்கொண்டே இருக்க வேண்டும். விரல் மாட்டினால் கையோடு சேர்த்து ஆளையே உள்ளே இழுத்துவிடும். அதனால் ஆலைக்குப் பக்கத்திலேயே ஒரு கோடாரி தயாராக இருக்கும். ஆலையை நிறுத்துவதற்கு அல்ல, கையை வெட்டுவதற்கு. கரீபியன் ஆலைகளில் இது வழக்கம்.

1791 ஆகஸ்டில் வடக்குச் சமவெளியில் தீ வைத்தார்கள். தோட்டம் தோட்டமாக எரிந்தது. அப்புறம் பன்னிரண்டு வருடம் பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் என்று மூன்று வல்லரசுகளோடும் மாறி மாறிச் சண்டை. தலைமை தாங்கிய துசான் லூவர்தூர் ஒரு காலத்தில் தோட்டத்தில் குதிரை வண்டி ஓட்டிய மனிதர். அவரைப் பேச்சுவார்த்தைக்கு வரச்சொல்லிக் கைது செய்து, பிரான்சின் குளிர் மலைக் கோட்டை ஒன்றில் அடைத்துவிட்டார்கள். 1803 ஏப்ரலில் அங்கேயே செத்துப்போனார். அவருடைய தளபதி தெசலின் விடவில்லை. நெப்போலியனின் சொந்த மைத்துனர் தலைமையில் வந்த படையை மஞ்சள் காய்ச்சல் பாதி தின்றது, மிச்சத்தை இவர்கள் முடித்தார்கள். நானாக இருந்தால், அந்தக் காய்ச்சலைப் பரப்பிய கொசுவுக்கும் ஒரு சிலை வைத்திருப்பேன். 1804 ஜனவரி 1, ஹைட்டி சுதந்திர நாடு. அந்த வருடமே, தங்கியிருந்த பிரெஞ்சுக்காரர்களில் பெரும்பாலோரைத் தெசலின் கொன்று குவித்தார். புரட்சியைக் கொண்டாடுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: போர்க்கப்பல்கள், பின்னணியில் போர்ட்டோ பிரின்ஸ் துறைமுகம்]

1825. சுதந்திரம் வாங்கி 21 வருடம் ஆகிவிட்டது. ஆனால் ஒரு வல்லரசும் ஹைட்டியை நாடாக ஏற்கவில்லை. அடிமைகளை வைத்திருந்த அமெரிக்கா ஏற்குமா? 1862 வரை ஏற்கவில்லை. இந்த நிலைமையில் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் ஓர் ஆணையைக் கொடுத்து, மாக்கோ என்ற கடற்படை அதிகாரியை அனுப்புகிறார். ஆணையின் சாரம் இது: உங்கள் சுதந்திரத்தை நாங்கள் ஒத்துக்கொள்கிறோம், விலை 15 கோடி பிராங்க், ஐந்து தவணை. அதோடு பிரெஞ்சுச் சரக்குக்குச் சுங்கவரியில் பாதி தள்ளுபடி. மாக்கோவோடு வந்து நின்ற கப்பல்கள் 14. அவற்றில் ஏறத்தாழ 500 பீரங்கிகள். இதற்குப் பேச்சுவார்த்தை என்று பெயர்! அதிபர் புவாயே கையெழுத்துப் போட்டார்.

எதற்கு இந்த 15 கோடி? தோட்ட முதலாளிகளின் 'சொத்து' போனதற்கு. நிலம், வீடு, ஆலை. அப்புறம் ஆட்கள். ஆமாம், 1789-ல் தோட்டத்துக்கு என்ன மதிப்பு என்று கணக்குப் போட்டபோது அடிமைகளின் விலையும் அதில் சேர்ந்தது. அதாவது ரத்தம் சிந்தி விடுதலை வாங்கிய ஆள், தன்னுடைய விலையைத் தன் பழைய முதலாளிக்குத் தானே கட்ட வேண்டும். எந்த முதலாளிக்கு எவ்வளவு என்று பெயர்வாரியாகப் பட்டியல் போட்டு, தொகுதி தொகுதியாக அச்சடித்தும் வைத்தார்கள். ஆவணப்படுத்துவதில் குறையே சொல்ல முடியாது!

15 கோடி எவ்வளவு பெரிய தொகை? இதே பிரான்ஸ் 1803-ல் லூசியானாவை அமெரிக்காவுக்கு விற்றது, அதுவே ஹைட்டியில் அடி வாங்கியதால்தான். சுமார் 21 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவில் மூன்றில் இரண்டு பங்கு. விலை 8 கோடி பிராங்க். அடிமாட்டு விலை. ஹைட்டியோ தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதற்கு 15 கோடி!

இனி வருவதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த, ரொம்ப வயிறெரிந்த பகுதி. முதல் தவணை 3 கோடி. கஜானாவில் அவ்வளவு கிடையாது. பாரிஸ் வங்கிக்காரர்களிடம் 3 கோடிக்குப் பத்திரம் எழுதிக் கடன் வாங்கினார்கள். கைக்கு வந்தது 2 கோடியே 40 லட்சம்தான். மீதி 60 லட்சத்தை எடுத்த எடுப்பிலேயே பிடித்துக்கொண்டார்கள். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் ஊர் மார்க்கெட்டில் காலையில் தண்டல் வாங்கும் பூக்காரம்மாவைக் கேளுங்கள். பத்தாயிரம் என்று நோட்டில் எழுதுவார், கையில் எட்டாயிரத்தை வைப்பார், ஆனால் பத்தாயிரத்தையும் கட்டியாக வேண்டும். அதே கணக்கு, அதே சதவீதம். ஒரே வித்தியாசம், நம் ஊர்த் தண்டல்காரர் டிவிஎஸ் ஐம்பதில் வருவார். அவர்கள் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார்கள்.

குறைந்த 60 லட்சத்துக்குக் கஜானாவைத் துடைத்து அனுப்பினார்கள். கடன் வாங்கிய பணம் பாரிஸை விட்டுக் கிளம்பவே இல்லை பாருங்கள். வங்கியில் புறப்பட்டு முதலாளி வீட்டில் இறங்கியது, வட்டி மட்டும் ஹைட்டியின் காபித் தோட்டங்களிலிருந்து. நஷ்ட ஈடு ஒரு பக்கம், அதைக் கட்ட வாங்கிய கடன் இன்னொரு பக்கம். வரலாற்றாசிரியர்கள் இதை 'இரட்டைக் கடன்' என்கிறார்கள்.

1838-ல் பாக்கியை 6 கோடியாகக் குறைத்தார்கள். பெருந்தன்மை! ஆனாலும் கடனை அடைக்கக் கடன் என்று அது ஓடியது. 1880-ல் ஹைட்டிக்கு ஒரு தேசிய வங்கி வந்தது, அதன் தலைமையகமோ பாரிஸில். நடத்தியது ஒரு பிரெஞ்சு வங்கி. ஈஃபில் கோபுரத்துக்குப் பணம் போட்டவர்களில் அந்த வங்கியும் உண்டு. அடுத்த தடவை யாராவது அந்தக் கோபுரத்தைப் பின்னால் வைத்து செல்ஃபி போட்டால், இந்த வீடியோவை அவர்களுக்கு அனுப்புங்கள்.

1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் இறங்கி, அந்த வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் தங்கத்தைத் தூக்கிக்கொண்டு நியூயார்க் போனார்கள். மறுவருடம் நாட்டையே பிடித்து 1934 வரை வைத்திருந்தார்கள். கடன் பிரெஞ்சுக் கையிலிருந்து அமெரிக்கக் கைக்கு மாறியது, அவ்வளவுதான்.

"ஹைட்டி ஏழையானது அவர்கள் ஆட்சியாளர்கள் திருடியதால்தானே?" என்று கமெண்டில் ஒருவர் எழுதத்தான் போகிறார். திருடினார்கள், மறுக்கவில்லை. பின்னாளில் சர்வாதிகாரிகளாக ஆண்ட துவாலியே அப்பாவும் மகனும் நாட்டைச் சுரண்டினார்கள். ஆனால் அவர்கள் வருவதற்கு முன்பே ஒரு நூற்றாண்டுக்கு மேல், பள்ளிக்கூடத்துக்கும் ரோட்டுக்கும் போக வேண்டிய காசு கப்பலேறிவிட்டது. இரண்டும் உண்மை.

2003-ல் அதிபர் அரிஸ்டீட் பிரான்ஸிடம் 2,100 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கேட்டார். மறுவருடம் அவர் பதவியே போனது. 2025 ஏப்ரலில், ஆணையின் இருநூறாவது ஆண்டில், மக்ரோன் ஒரு வரலாற்றாசிரியர் குழு அமைப்பதாக அறிவித்தார். பணத்தைப் பற்றிப் பேச்சில்லை. என் கருத்து, வட்டி வேண்டாம், அசலையாவது எண்ணி வைக்கட்டும். உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள், சண்டை போடாமல்.

அப்புறம், மற்ற பிரெஞ்சுத் தீவுகளில் 1848-ல் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்பு வெட்ட ஆள் தேடி எங்கே வந்தார்கள்? நம் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும். 1853-ல் 'ஒரேலி' என்ற கப்பல் அங்கிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு மார்த்தினிக் போய்ச் சேர்ந்தது. அடுத்த வீடியோ அந்தக் கப்பலைப் பற்றி. சப்ஸ்கிரைப் பண்ணிக்கொள்ளுங்கள், இதற்குப் பணமும் கிடையாது, தவணையும் கிடையாது.