பார்சலில் ஒட்டியிருக்கும் பெயர் யாருடையது? மின்வணிகம் ஓர் அறிமுகம்

[காட்சி: வீட்டு வாசலில் ஒரு பழுப்பு நிறப் பார்சல். கத்தரிக்கோல் இன்னும் படவில்லை.]

வணக்கம். பார்சல் வந்தவுடன் உறையைப் பிரித்துப் பொருளை எடுத்துக்கொண்டு, கூடவே வரும் பில்லைக் குப்பைக் கூடையில் போட்டுவிடுவது நம்மில் பலருடைய வழக்கம். அந்தத் தாளை இன்று ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். 'விற்பவர்' என்ற இடத்தில், நீங்கள் எந்தச் செயலியில் வாங்கினீர்களோ அதன் பெயர் பெரும்பாலும் இருக்காது. கேள்விப்பட்டிராத ஒரு வியாபாரியின் பெயர், அவருடைய ஊர், அவருடைய ஜிஎஸ்டி எண் ஆகியவையே இருக்கும். அப்படியானால் நாம் வாங்கியது யாரிடம்? மின்வணிகத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியை விட நல்ல வாசல் இல்லை என்று நினைக்கிறேன்.

[காட்சி: திரை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் புத்தக அடுக்குகள், மறுபக்கம் ஏலச் சுத்தியல்.]

இணையத்தில் பொருள் விற்பதற்கு அடிப்படையான வழிகள் இரண்டு. இரண்டுமே 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சில மாத இடைவெளியில் மக்கள் பார்வைக்கு வந்தன. அந்த ஜூலையில் சியாட்டிலில் தொடங்கிய அமேசான், புத்தகங்களைத் தானே வாங்கித் தானே விற்றது. பொருள் அதனுடையது, லாபமும் நட்டமும் அதனுடையவை. செப்டம்பரில் சான் ஹோசேயில் பியர் ஒமிடியார் தொடங்கிய ஏலத்தளம், அதாவது பின்னாளில் ஈபே என்று பெயர் பெற்றது, ஒரு பொருளைக்கூடத் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை. விற்பவரையும் வாங்குபவரையும் ஓரிடத்தில் சேர்த்துவைத்து, நடந்த விற்பனையில் ஒரு பங்கைக் கட்டணமாக எடுத்துக்கொண்டது. முன்னதைக் கையிருப்பு முறை என்றும், பின்னதைச் சந்தைத்தள முறை என்றும் சொல்கிறோம்.

சொந்தச் சரக்கை அடுக்கி விற்கும் மளிகைக் கடைக்கும், கடை போட இடம் கொடுத்துச் சுங்கம் வசூலிக்கும் வாரச்சந்தைக்கும் உள்ள வேறுபாடுதான் இது. சந்தையில் வாங்கிய கத்தரிக்காய் சொத்தையாக இருந்தால் சுங்கம் வசூலித்தவரிடம் யாரும் சண்டைக்குப் போவதில்லை. இணையத்திலோ கடைக்காரரின் முகம் தெரிவதில்லை. சந்தையின் பெயர்ப்பலகை மட்டுமே தெரிகிறது.

இந்தியாவில் இந்த வேறுபாட்டைச் சட்டமே பிடித்து நிறுத்தியிருக்கிறது. சந்தைத்தளத்தில் 100 விழுக்காடு வரை வெளிநாட்டு முதலீட்டுக்கு அனுமதி உண்டு. ஆனால் அத்தகைய முதலீடு பெற்ற நிறுவனம் சரக்கைத் தானே வாங்கி வைத்துக்கொண்டு இந்திய நுகர்வோருக்கு இணையத்தில் விற்பதற்குப் பொதுவாக அனுமதி இல்லை. 2007இல் பெங்களூருவில் புத்தக விற்பனையாகத் தொடங்கிய ஃபிளிப்கார்ட் 2013இல் சந்தைத்தளமாக மாறியதற்கும், அதே ஆண்டு இந்தியாவுக்கு வந்த அமேசான் இங்கே சந்தைத்தளமாகவே கடை திறந்ததற்கும் பின்னணி இதுதான். 2019 பிப்ரவரி 1 முதல் விதி மேலும் இறுகியது: தளத்துக்குப் பங்குள்ள நிறுவனம் அதே தளத்தில் விற்கக் கூடாது என்றும், ஒரு விற்பனையாளர் தம் கொள்முதலில் 25 விழுக்காட்டுக்கு மேல் தளத்திடமிருந்தோ அதன் குழும நிறுவனங்களிடமிருந்தோ பெற்றால் அந்தச் சரக்கு தளத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதாகவே கொள்ளப்படும் என்றும் ஆனது. உள்ளூர்ச் சில்லறை வணிகரைப் பெருமுதலீட்டிலிருந்து காக்க வேண்டும் என்ற எண்ணமே இவ்விதிகளின் வேர்.

[காட்சி: கரூர். மடித்து அடுக்கிய படுக்கை விரிப்புகள். ஒரு கை லேபிளை ஒட்டுகிறது.]

இனி விற்பவரின் பக்கம் போவோம். கரூரில் படுக்கை விரிப்பு தயாரிக்கும் ஒருவர், வரி உட்பட 600 ரூபாய் விலையில் ஒரு விரிப்பைத் தளத்தில் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தளத்துக்குத் தளம் கட்டணம் மாறும்; கணக்குக்காக, கமிஷன் 60 ரூபாய், அனுப்பும் செலவு 70 ரூபாய், நிலைக்கட்டணம் 15 ரூபாய் என்று கொள்வோம். ஆகமொத்தம் 145. இந்தச் சேவைக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்தால் 171 ரூபாய் 10 காசு. இதற்கு மேல், விற்பனையில் அரை விழுக்காட்டை ஜிஎஸ்டிக்காகவும், 0.1 விழுக்காட்டை வருமான வரிக்காகவும் தளமே பிடித்து அரசுக்குக் கட்டிவிடும். இவை பின்னர் அவருடைய வரிக்கணக்கில் வரவு வைக்கப்படும் என்றாலும், அன்றைக்குக் கையில் இல்லாத பணம்தான். முடிவில் அவருடைய வங்கிக் கணக்குக்கு வந்து சேர்வது சுமார் 425 ரூபாய். துணி, தையல், பேக்கிங் எல்லாம் 350 ரூபாய் என்றால், மிச்சம் 75.

வாங்கியவர் ஒருவர், படத்தில் பார்த்த நீலம் இதுவல்ல என்று திருப்பி அனுப்புகிறார். போன செலவும் வந்த செலவுமாக 150 ரூபாய் விற்பவர் தலையில் விழுந்தால், இரண்டு விரிப்புகள் விற்ற லாபம் அந்த ஒரு ரிட்டர்னில் கரைந்துபோகும். துணி கசங்கியோ கறைபட்டோ வந்தால் அந்த நட்டம் தனி. இணையத்தில் துணி விற்பவர்கள் கமிஷனை விட ரிட்டர்னைக் கண்டே அதிகம் அஞ்சுகிறார்கள் என்றால் அதில் வியப்பில்லை. ஒரே விரிப்பை நான்கு கோணங்களில், பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, நீள அகலத்தை அங்குலத்தில் எழுதிவைப்பது அலங்கார வேலை அல்ல. அது அவருடைய லாபத்தைக் காக்கும் வேலை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் செலுத்தும் பணம் முதலில் தளத்திடம் போகிறது. பொருள் கைசேர்ந்து, சில நாட்கள் கழிந்த பிறகே விற்பவருக்குப் போகிறது. அந்த நாட்களில் நூலுக்கும் கூலிக்கும் பணம் புரட்ட வேண்டியவர் கரூர்க்காரர்தான்.

கமிஷனே வாங்காத தளமும் உண்டு. 2021இல் மீஷோ விற்பனையாளர்களுக்குக் கமிஷனை நீக்கியது. அப்படியானால் வருமானம்? பொருளைக் கொண்டு சேர்க்கும் பணிக்கான கட்டணத்திலிருந்தும், தேடல் முடிவுகளில் முன்னால் நிற்பதற்காக விற்பவர்கள் கொடுக்கும் விளம்பரப் பணத்திலிருந்தும் வருகிறது. லட்சக்கணக்கான பொருள்கள் குவிந்த இடத்தில் முதல் பக்கத்தில் தெரிவதற்கே ஒரு விலை இருக்கிறது. அடுத்த முறை தேடும்போது, பொருளின் ஓரத்தில் சிறிய எழுத்தில் 'விளம்பரம்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

[காட்சி: ரயில் நிலையம். ஒரு பயணி கைப்பேசியைக் காட்டுகிறார்.]

பொருளே இல்லாத வணிகமும் இருக்கிறது. 2002 ஆகஸ்டில் ஐஆர்சிடிசி இணையத்தில் ரயில் டிக்கெட் விற்கத் தொடங்கியபோது, முன்பதிவு திரையில் முடிந்தாலும் டிக்கெட் அச்சிடப்பட்டுக் கூரியரில்தான் வீட்டுக்கு வந்தது. 2005இல் இ-டிக்கெட் வந்ததும், அதை வாங்கியவர்களுக்குக் கூரியர் தேவையில்லாமல் போயிற்று. டிக்கெட் என்பது உண்மையில் ஒரு தகவல். தகவலுக்குக் குடோன் வேண்டாம், ரிட்டர்ன் லாரியும் வேண்டாம். இணையம் முதலில் ஆழமாக வேரூன்றிய துறைகளில் பயணமும் ஒன்றாக இருந்ததற்கு இதுவே காரணம்.

சந்தா முறை இதற்கு அடுத்த படி. சென்னையை அடிப்படையாகக் கொண்ட ஸோஹோ, கணக்கு எழுதுவது முதல் மின்னஞ்சல் வரையிலான மென்பொருளை மாதச் சந்தாவாகவோ ஆண்டுச் சந்தாவாகவோ விற்கிறது. சென்னையிலேயே வளர்ந்த பாரத் மேட்ரிமோனியில் பதிவு செய்வதற்குக் கட்டணம் இல்லை. பிடித்த வரனுடைய வீட்டாரைத் தொடர்புகொள்ளப் பணம் கட்ட வேண்டும். 1996இல் தொடங்கிய இந்தியாமார்ட்டில் வாங்க வருபவர் எதுவும் கொடுப்பதில்லை. மோட்டாரும் குழாயும் விற்கும் நிறுவனங்கள் விசாரணைகளைப் பெறுவதற்குச் சந்தா கட்டுகின்றன. பேரம் தொலைபேசியில் நடக்கிறது, சரக்கு லாரியில் போகிறது; தளம் அதில் தலையிடுவதில்லை.

[காட்சி: வாட்ஸ்அப் குழுவில் புடவைப் படங்கள். கீழே ஒரு கியூஆர் குறியீடு.]

கரூர்க்காரர் தளமே வேண்டாம் என்று முடிவு செய்தால் என்ன ஆகும்? வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு, 2016இல் வந்த யுபிஐ வழியாகப் பணம் பெற்று, தாமே கூரியரில் அனுப்பலாம். 600 ரூபாயும் அன்றே அவர் கைக்கு வந்துவிடும். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் பொருளைப் பார்க்காமல் பணம் அனுப்ப வேண்டும். அந்த நம்பிக்கையை அவர் ஒவ்வொரு வாடிக்கையாளராகச் சம்பாதிக்க வேண்டும். தளம் வாங்கும் கமிஷனின் பெரும்பகுதி இந்த நம்பிக்கைக்கான விலைதான் என்பது என் கருத்து.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியை 2021 டிசம்பரில் பதிவான ஓஎன்டிசி நிறுவனம் முன்வைக்கிறது. அது கடையும் அல்ல, சந்தையும் அல்ல. வாங்குபவர் ஒரு செயலியிலும் விற்பவர் வேறொரு செயலியிலும் இருந்தபடியே ஒருவரை ஒருவர் காண உதவும் பொது வலையமைப்பு. அங்கே பொருள் கிழிந்து வந்தால் யாரிடம் கேட்பது? புகார் முதலில் நாம் வாங்கிய செயலியில் பதிவாகி, அங்கிருந்து விற்பவரின் செயலிக்குப் போகிறது. சந்தைத்தளத்தில் வாங்கியிருந்தால், 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, அத்தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். விற்பவரின் பெயரையும் முகவரியையும் நமக்குக் காட்ட வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. புகார் எழுதும்போது அந்தப் பெயரும் பில் எண்ணும் தேவைப்படும். ஆகவே, பொருள் சரியாக இருக்கிறது என்று உறுதியாகும் வரை அந்தத் தாளைக் கூடையில் போடாதீர்கள்.