243 போதுமா? பதின்மூன்று அடி-பவுண்டில் தப்பிய என் துப்பாக்கி

வணக்கம் நேயர்களே. செம்மான் வேட்டைக்கு என்னுடைய 243 காலிபர் துப்பாக்கி போதாது, அதிக வெடிமருந்தோடு சுடும் பெரிய மேக்னம் ஒன்றை வாங்கு என்று எனக்குப் புத்தி சொல்லாதவர்கள் ஸ்காட்லாந்தில் இனி யாரும் மிச்சமில்லை. நேற்றுக் காலை குரோனோகிராஃப், அதாவது குண்டின் வேகத்தை அளக்கும் கருவி, காட்டிய எண்ணை அவர்களுக்காகவே குறித்து வைத்திருக்கிறேன்.

இங்கே சட்டப்படி, செம்மானைச் சுடும் குண்டு துப்பாக்கிக் குழலைவிட்டு வெளியேறும்போது வினாடிக்கு 2,450 அடி வேகத்தையும் 1,750 அடி-பவுண்டு ஆற்றலையும் எட்டியிருக்க வேண்டும். 100 கிரெய்னாக (கிரெய்ன் என்பது குண்டை நிறுக்கும் சிறு எடை அலகு) இருந்த குறைந்தபட்சக் குண்டு எடையை, ஈயமில்லாத குண்டுகளுக்கு வழிவிட்டு, 2023இல் 80 ஆகத் தளர்த்தினார்கள். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால், அதே எடைக்குக் குண்டு நீண்டுவிடும். என்னுடையதைப் போன்ற பழைய குழலின் சுருள்வரிகள் (குண்டைச் சுழலவைக்கும் உட்பள்ளங்கள்) அந்த நீளத்தைச் சீராகச் சுழற்றாமல் தள்ளாடவிடும்.

ஆகவே 80 கிரெய்ன் செம்பு வாங்கினேன். இருபது தோட்டாக்கள் 54 பவுண்டு! விசையை ஒருமுறை இழுத்தால் 2 பவுண்டு 70 பென்ஸ். குறியைச் சரிசெய்யவே பதினொன்று தீர்ந்தன. ஏறத்தாழ முப்பது பவுண்டு செலவழித்து ஓர் அட்டையில் ஓட்டை போட்டிருக்கிறேன்.

சராசரி வேகம் வினாடிக்கு 3,150 அடி. கணக்கிட்டால் 1,763 அடி-பவுண்டு, அதாவது சட்டம் கேட்பதைவிடப் பதின்மூன்று அதிகம்! இதைச் சொல்ல மறந்துவிட்டேன்: என் குழல் இருபது அங்குலம்தான்; குழல் குட்டையானால் வேகமும் குறையும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் அதைவிட நீண்ட குழலில் அளந்தது. அதை நம்பியிருந்தால் என்னிடம் இருக்கும் இந்த நூலிழை எனக்கே தெரிந்திராது.

மேக்னம் எனக்கு ஏன் பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். சென்ற ஆண்டுக் காணொளியில், நண்பரின் துப்பாக்கி தோளில் இடிக்கப்போகிறதே என்று அஞ்சி நான் முன்கூட்டியே கண்ணை மூடியதையும், குண்டு ஓரடி விலகிப் போனதையும் பார்த்தீர்கள். மானின் உடலில் நெஞ்சுக்கும் குடலுக்கும் இடையே அந்த ஓரடிதான் இருக்கிறது. எத்தனை பெரிய காலிபராக இருந்தாலும், குடலில் சுடப்பட்ட மான் மணிக்கணக்கில் துடித்துத்தான் சாகும். நான் கண் சிமிட்டாமல் சுடக்கூடியது 243தான்.

ஆனால் செம்புக் குண்டு உள்ளே மலர்ந்து விரிய வேகம் வேண்டும். எனவே 150 கஜத்துக்கு அப்பால் நிற்கும் மானை விட்டுவிடுவேன். மிச்சமிருக்கும் ஒன்பது தோட்டாக்களில் மூன்றை, மழை நாளொன்றில் ஈரப் புல்லில் படுத்துச் சுட்டுப் பார்த்த பிறகே மலையேறப் போகிறேன்.