ஆண்டறிக்கையில் எழுதப்படாத சாதனைகள்

தலைமையேற்றிருக்கும் துறைத்தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, ஆய்வு மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சற்று முன் துறையின் ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது. கருத்தரங்குகள், பயிலரங்குகள், வெளிவந்த கட்டுரைகள், முனைவர் பட்டம் பெற்றவர்கள், நிதி பெற்ற ஆய்வுத் திட்டங்கள் என்று நீண்ட பட்டியல். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் உழைப்பு இருக்கிறது, மனமார வாழ்த்துகிறேன். கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. இருபது ஆண்டுகள் கழித்து இந்தத் துறைக்கு வரும் ஒரு மாணவருக்கு, இந்த ஆண்டு நாம் செய்தவற்றில் எது கைகொடுக்கும்? அதைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்றோர் ஊர். ஊர் முழுவதும் ஒரே ஒரு நெசவாலையை நம்பிப் பிழைத்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் அந்த ஆலை மூடப்பட்டது. வேலை போனால் மனிதனுக்கு என்ன நேர்கிறது என்று அறிய, 1931-இன் இறுதியில் வியன்னா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சிறு ஆய்வுக் குழு அங்கே சென்றது. மரீ யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோர் அதன் முதுகெலும்பு. ஊரிலிருந்த 478 குடும்பங்களைப் பற்றியும் தனித்தனியே குறிப்பெடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை. தெருவில் போகிறவர்களை ஒதுங்கி நின்று கவனித்து, நடையின் வேகத்தை அளந்தார்கள். யார் எத்தனை முறை நிற்கிறார்கள் என்று எண்ணினார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். சம்பள வேலை இல்லாவிட்டாலும் வீட்டு வேலை ஓயாத பெண்கள் விரைந்து போனார்கள். ஊர் நூலகத்தின் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். இரவல் கட்டணம் நீக்கப்பட்டிருந்தது. எல்லோருக்கும் பொழுது ஏராளமாகக் கிடந்தது. ஆனாலும் எடுத்துப் படிக்கப்பட்ட நூல்கள் இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. வேலையிழந்தவர்கள் கொதித்தெழுவார்கள் என்ற பலரது எதிர்பார்ப்புக்கு மாறாக, அவர்கள் சோர்ந்து ஒடுங்குகிறார்கள் என்பதை இந்தச் சின்னச் சின்ன அளவீடுகள் காட்டின. 1933-இல் நூலாக வந்த அந்த ஆய்வை இன்றும் வேலையின்மை பற்றி எழுதுகிறவர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள்.

அந்தக் குழு தனக்கு விதித்துக்கொண்ட ஒரு விதி என்னை மிகவும் கவர்ந்தது. வெறுமனே வேடிக்கை பார்ப்பவராக யாரும் ஊருக்குள் நுழையக் கூடாது. ஊருக்குப் பயன்படும் ஏதாவது ஒரு பணியைச் செய்தாக வேண்டும். அவர்கள் துணிகள் சேகரித்துக் கொடுத்தார்கள், மருத்துவ ஆலோசனைக்கு ஏற்பாடு செய்தார்கள், தையல் வகுப்பு நடத்தினார்கள். வினாப்பட்டியலை நிரப்பியதும் திரும்பிப் பாராமல் போய்விடும் பழக்கம் நம்மிடையே இன்றும் இருக்கிறது. தம் வீட்டுக் கடனையும் நோயையும் நம்மிடம் மனந்திறந்து சொன்ன குடும்பத்துக்கு, ஆய்வின் முடிவையாவது ஒரு முறை போய்ச் சொல்லிவிட்டு வரும் கடமை நமக்கு இல்லையா?

நம் பக்கத்திலேயே இன்னொரு முன்னோடி இருக்கிறது. 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். மாணவர்களை விடுமுறையில் அவரவர் ஊருக்கே வினாப்பட்டியலோடு அனுப்பினார். இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான் போன்ற ஊர்களின் நிலம், கூலி, கடன், உணவு பற்றி மாணவர்கள் எழுதிக் கொடுத்தவை 1918-இல் நூலாயின. 1930-களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆய்ந்தார்கள். பிற்காலத்திலும் ஆய்வாளர்கள் அங்கே திரும்பத் திரும்பப் போனார்கள். ஒரு கிராமம் தலைமுறை தலைமுறையாக எப்படி மாறியது என்பதைச் சொல்லும் இத்தகைய தொடர் பதிவு மிக அரியது. அதைத் தொடங்கிவைத்தவர்கள் விடுமுறைக்கு வீடு திரும்பிய மாணவர்கள்! இங்கே அமர்ந்திருக்கும் இளங்கலை மாணவர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

தரவைப் பாதுகாத்துப் பிறருக்கும் கொடுப்பதால் வரும் நன்மைக்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று. அரசின் கடன் நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி தேய்ந்துபோகும் என்று பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010-இல் எழுதினார்கள். பல நாடுகளில் சிக்கன நடவடிக்கைக்கு அது ஆதாரமாகக் காட்டப்பட்டது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தார், விடை ஒத்துவரவில்லை. கட்டுரையை எழுதிய இருவரிடமே எக்செல் கணக்குத் தாளைக் கேட்டு வாங்கினார். சராசரி எடுத்த இடத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. விடுபட்ட வேறு தரவுகளையும் சேர்த்து, கணக்கிட்ட முறையையும் திருத்தியபோது, கடன் அந்த எல்லையைத் தாண்டிய நாடுகளுக்கு மைனஸ் 0.1 சதவீதம் என்று சொல்லப்பட்ட வளர்ச்சி 2.2 சதவீதமாக உயர்ந்தது. 2013-இல் வெளிவந்த அந்தத் திருத்தம் ஒரு வகுப்பறையில் பிறந்தது. தாளைக் கொடுத்த அந்த இருவரையும் நான் பாராட்டுகிறேன். கொடுத்திராவிட்டால் பிழை எங்கே என்று தெரிந்திருக்காது.

எனவே துறைக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வேடு முடிந்ததும் நிரப்பிய வினாப்பட்டியல்கள் பரணில் ஏறிவிடுகின்றன. மாணவர் போன பிறகு அவர் கணினியிலிருந்த கோப்பும் போய்விடுகிறது. இனி ஒவ்வொரு ஆய்வின் தரவும், வினாப்பட்டியலும், கள நாட்குறிப்பும் துறை நூலகத்துக்கு வரட்டும். ஆய்வுக்காக நம்மிடம் பேசியவர்களின் பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு எண் இடுங்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியலைத் தனியே பூட்டி வையுங்கள். இதற்குப் பெரிய நிதி வேண்டாம். ஓர் அலமாரி, ஒரு கணினி, பொறுப்பேற்க ஓர் ஆசிரியர் இருந்தால் இந்தப் பருவத்திலேயே தொடங்கிவிடலாம். அடுத்த ஆண்டறிக்கையில், இவ்வாறு சேர்ந்த ஆய்வுகள் எத்தனை, பழைய தரவை எடுத்து மறுபடி கணக்கிட்ட மாணவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களையும் சேர்த்து வாசியுங்கள். நன்றி, வணக்கம்.