இறுகிய நட்டுக்கு ஓர் இரவு

நேயர்களுக்கு வணக்கம். மதுரை சுற்றுச்சாலை ஓரத்தில் லாரிகளின் பாரத்தைத் தாங்கும் வளைந்த எஃகுப் பட்டை அடுக்கான கமான் பட்டையில் வேலை பார்ப்பவன் நான். நிலையத்தார் பேச அழைத்ததும், துருவேறி இறுகிப்போன நட்டைக் கழற்றுவது பற்றித்தான் பேசுவேன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் தொழிலில் பையன்களின் கையும் கண்ணும் அடிபடுவதை நான் அதிகம் பார்த்தது அந்த வேலையில்தான்.

மதுரைக் காற்று காய்ந்த காற்று. உள்ளூரிலேயே ஓடும் வண்டியில் துரு அவ்வளவு சீக்கிரம் ஏறாது. தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றிவரும் வண்டியின் கதை வேறு. சுத்திகரிக்காத உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு கசியும். மேலே தார்ப்பாய் கட்டுகிறோம். கீழே பலகை இடுக்கு வழியாகச் சொட்டும் உப்புநீர் அச்சின் மேலும், அச்சைப் பட்டையோடு பிடித்துக் கட்டும் வளைந்த யூ போல்ட் மேலும் விழுவதை யாரும் கவனிப்பதில்லை. இரும்பு துருவானால் முன்பிருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே மரையில், அதாவது திருகு வரிகளில், அதற்கு இடம் ஏது? நெருக்கிக்கொண்டு இறுகிவிடுகிறது.

எனக்குப் பதினெட்டு வயது. பழைய லாரி ஒன்று பின் பட்டை உடைந்து வந்திருந்தது. இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும் என்று டிரைவர் தலைமாட்டிலேயே நின்றார். ரிங் ஸ்பேனரை மாட்டி, அதில் நான்கடிக் குழாயைச் செருகி, என் உடம்பு பாரம் முழுவதையும் போட்டுத் தொங்கினேன். நட்டின் முனை மழுங்கி ஸ்பேனர் வழுக்கியது. என் வலது கை பட்டையின் விளிம்பில் போய் மோதியது. அந்தச் சுண்டுவிரல் இன்றும் முழுதாக மடங்குவதில்லை. மேஸ்திரி என்னை மருத்துவமனைக்கு அழைத்துப்போய்க் கட்டுப் போட்டுக் கூட்டிவந்தார். அன்றிரவு நட்டுகளுக்கு எண்ணெய் விட்டார். மறுநாள் காலை, நான் மழுக்கிய நட்டைத் தவிர மற்ற மூன்றையும் இரண்டடிக் கைப்பிடியில், உட்கார்ந்த இடத்திலிருந்தே கழற்றினார்.

அவர் செய்ததைத்தான் இன்றும் செய்கிறேன். முதல் நாள் மாலையே கம்பி பிரஷ்ஷால் நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைத் தேய்த்துச் சுத்தமாக்க வேண்டும். நட்டு அந்த வழியாகத்தான் இறங்க வேண்டும். அங்கே துருவும் மண்ணும் இருந்தால், அசைந்த நட்டும் பாதி வழியில் சிக்கும். பிறகு எண்ணெய். என்ஜின் ஆயில் வேண்டாம், அது கெட்டி, இடுக்கில் இறங்காது. துரு இளக்கும் எண்ணெய் என்றே கடையில் கிடைக்கிறது. பல லாரிகளில் யூ போல்ட் நட்டு தரையைப் பார்த்துத் தொங்குவதால் ஊற்றியது உடனே சொட்டிவிடும். அதனால் எண்ணெயில் நனைத்த துணியை நட்டைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். நட்டின் பக்கங்களில் சுத்தியலால் லேசாக நாலு தட்டு. அந்த அதிர்வில் துரு விரிசல் விடும், எண்ணெய் உள்ளே போகும். படுக்கப் போகும் முன் இன்னொரு முறை.

காலையில் ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனரைப் போடுங்கள். பன்னிரண்டு முனை உள்ளது துருப்பிடித்த நட்டின் மூலையை மழுக்கிவிடும். முதலில் இறுக்கும் பக்கமாகக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். ‘டக்’கென்று ஒரு சத்தம் வந்தால் பிடி விட்டது என்று பொருள். அதன்பின் கழற்றும் பக்கம் அரைச் சுற்று, இறுக்கும் பக்கம் கால் சுற்று, நடுவில் எண்ணெய். கீச்சென்று முனகினால் அதற்குமேல் இழுக்காதீர்கள்.

இதற்கும் மசியாவிட்டால்தான் நெருப்பு. 20 மில்லிமீட்டர் துளை உள்ள நட்டை 300 டிகிரி சூடேற்றினால், துளை விரிவது ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர். ஒரு மயிரிழைக் கனம்தான், பெரும்பாலும் அது போதும். சூடு நட்டுக்கு மட்டும் போக வேண்டும். போல்ட்டும் சேர்ந்து சூடேறினால் பயனில்லை. பட்டையில் சுடர் படவே கூடாது. பதம் போன பட்டை லோடு தாங்காது. பற்றவைக்கும் முன் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். பிரேக் குழாய், ரப்பர் புஷ், டீசல் டேங்க் எங்கே இருக்கின்றன என்று குனிந்து பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரையும் அருகே விடாதீர்கள். சிவப்பு அடங்கிய பிறகு மெழுகுவர்த்தியை மரையோரம் வைத்தால் மெழுகு உருகி உள்ளே ஓடும்.

யூ போல்ட்டை எப்படியும் மாற்றப் போகிறோம், வெட்டி எறிந்தால் என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பட்டைக்கும் அச்சுக்கும் எட்டத்தில் வெட்ட இடமிருந்தால் நானும் வெட்டுவேன். ஆனால் பட்டை முனையை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிள் போல்ட்டும் சேஸிஸ் பிராக்கெட்டும் அப்படி எறியக் கூடியவையா? அங்கே ஓர் இரவு காத்திருப்பதுதான் சிக்கனம். நெருப்புப் பட்ட யூ போல்ட்டைத் திரும்பப் போடச் சொல்லி முதலாளிகள் வற்புறுத்துவதுண்டு. நான் போடமாட்டேன். அச்சைப் பட்டையோடு பிடித்து வைத்திருப்பது அதுதான்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம். சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே நட்டில் கை வையுங்கள். யூ போல்ட் கழன்றால் அச்சு நகரும்.

லாரி வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வண்டியைக் காலையில் விட்டு மாலையில் கேட்காதீர்கள். முதல் நாள் மாலையே கொண்டுவந்து விடுங்கள். உப்பு இறக்கியதும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் வெளியே தெரியும் மரையில் கிரீஸ் தடவுங்கள். புது யூ போல்ட் போட்டு முதல் லோடு ஓட்டியதும் பட்டறைக்கு ஒருமுறை வாருங்கள். பட்டைகள் படிந்து நட்டு சற்றே தளர்ந்திருக்கும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு வைத்துப் பார்க்கக் கால் மணி நேரம் ஆகும். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.

நன்றி, வணக்கம்.