வறண்ட ஆற்றில் என்ன மாசு?

(காட்சி: வைகையின் முகத்துவாரம், ஆற்றங்கரை கிராமம். எங்கும் மணல்.)

குரல்: வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் வரும் வைகை முடிகிற இடம் இது. முக்கால்வாசி நாள் கடலுக்குக் கொடுக்க இதனிடம் சொட்டுத் தண்ணீர் இருக்காது. அப்படியென்றால் மேலே யார் எதைத் தோண்டினால் நமக்கென்ன?

சுரங்க ஆபத்தைக் கணக்குப் போடுகிறவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். நஞ்சு எங்கே இருக்கிறது? எந்த வழியாக வரும்? யார் மேல் படும்? இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஆபத்து இல்லை.

(காட்சி: குவிந்த கழிவுப் பாறை, வரைபடம்.)

கந்தகம் கலந்த பாறையைத் தோண்டிப் போட்டால், காற்றும் மழைநீரும் பட்டு கந்தக அமிலம் உண்டாகும். அது உலோகங்களைக் கரைத்துக்கொண்டு இறங்கும். சுரங்கத்தை மூடினாலும் நிற்காது.

தூரமும் காப்பாற்றாது. பிரேசிலில் 2015 நவம்பர் 5 அன்று ஓர் இரும்புச் சுரங்கத்தின் கழிவுச்சேற்று அணை உடைந்து 19 பேர் இறந்தார்கள். சேறு டோசே ஆற்றில் 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, அதே மாதம் அட்லாண்டிக்கைத் தொட்டது. வைகையைப் போல இரண்டு மடங்கு தூரம்!

சரி, நம் ஆறு ஓடுவதே இல்லையே? அங்கேதான் ஏமாறுகிறோம். ஓடாத மாதங்களில் அழுக்கு இருந்த இடத்திலேயே சேரும். ஐப்பசியில் செக்கச்செவேலென்று முதல் வெள்ளம் வரும்போது மொத்தமும் கிளம்பிவிடும். மே மாதம் குட்டையில் பாட்டிலை முக்கி, 'சுத்தம்' என்று எழுதுவது என் கணக்கில் ஆய்வே இல்லை. முதல் வெள்ளத்தில் எடுக்க வேண்டும். கண்மாய் வண்டலையும் சோதிக்க வேண்டும், உலோகம் அதில்தான் படியும்.

(காட்சி: மணலில் ஊற்று. ஒரு பெண் சிரட்டையால் தண்ணீர் மொள்கிறார்.)

அப்புறம், நம் பக்கத்து நோய் மணல் அள்ளுவது. அதில் நஞ்சு வருவதைவிட உப்பு வருவதுதான் பெரிய பயம். கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர். மேலே ஓர் அடி குறைந்தால் அடியிலிருந்து உப்பு மெல்ல மெல்ல 40 அடி ஏறும். மழையை வாங்கி வைக்கும் மணலையே அள்ளிவிட்டால் அந்த ஓர் அடி எப்படி நிற்கும்?

உப்பை டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்திருப்பதன் மொத்த அளவைச் சொல்லும் கருவி, காட்டிவிடும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீரே இல்லையென்றால் 2000 வரை. ஆனால் ஆர்சனிக் என்ற நஞ்சின் வரம்பு 0.01 மில்லிகிராம், அதை இந்த மீட்டரும் காட்டாது, நாக்கும் சொல்லாது. அதற்கு ஆய்வகம்தான்.

(காட்சி: சிரட்டை குடத்தில் கவிழ்கிறது.)