ரூபாயில் முக்கால் வலி

வணக்கம். பெங்களூரில் நாள்பட்ட வலியோடு இருப்பவர்களுக்கு மனநல ஆலோசனை தருவது என் வேலை. மூன்று மாதத்துக்கு மேல் விடாமல் தொடரும் வலியைத்தான் நாள்பட்ட வலி என்கிறோம். என்னிடம் வந்த ஓர் அம்மாவைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

வயது 58. ஊர் திருப்பத்தூர் பக்கம், இருப்பது அல்சூரில். இந்திரா நகரில் மூன்று வீடுகளில் பாத்திரம், துணி, தரை துடைப்பது. இடுப்பிலிருந்து கால்வரை ஆறு வருஷமாக வலி. முன்பு போன மருத்துவமனையில், பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கன்னடத்தில் கேட்டிருக்கிறார்கள். கூடப் போன பன்னிரண்டு வயதுப் பேரன் தமிழில் கேட்டான். "ரூபாயில முக்கா ரூபா வலிக்குதுப்பா" என்றார் இவர். பையனுக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஐந்து என்று சொல்லிவிட்டான். சீட்டிலும் ஐந்து என்றே ஏறியது.

என்னிடம் அவர் சொன்னது வேறு. பகலில் இடுப்பு கடுக்கும், ராத்திரி கால் உளையும், பாதம் எரியும், அப்புறம் மதமதவென்று மரத்துப் போகும். எரிச்சலும் மதமதப்பும் நரம்பு சம்பந்தப்பட்ட வலியாக இருக்கலாம் என்று காட்டும் அடையாளங்கள். பேரன் எல்லாவற்றையும் 'நோவு' என்ற ஒரே கன்னடச் சொல்லில் முடித்துவிட்டான். குழந்தையைக் குறை சொல்ல முடியுமா? வீட்டுக்காரர் குடித்துவிட்டு வருகிற இரவுகளில் வலி கூடுகிறது என்பதை அந்தப் பாட்டி பேரன் வாயால் எப்படிச் சொல்ல வைப்பார்?

அந்த மருத்துவமனையில் கடைசியாக, "மனசுதான் காரணம், மனநல டாக்டரைப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். "நான் நடிக்கிறேன்னு நினைச்சிட்டாங்க" என்று சொல்லி அழுதார். நடிப்பே இல்லை. உடம்பிலிருந்து வரும் வலிச் செய்தியைத் தண்டுவடமும் மூளையும் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்று 1965ல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பயமும் தூக்கமின்மையும் அதைக் கூட்டும். அதனால்தான் மனநலச் சிகிச்சை உதவுகிறது. கால் உளைச்சல், மன உளைச்சல் இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்தானே! அதை அவரிடம் சொன்னபோதுதான் முகம் கொஞ்சம் தெளிந்தது.

யார் வலியை நம்புகிறோம் என்பதிலேயே பாகுபாடு தொடங்குகிறது. கறுப்பின மக்களின் தோல் தடிமனானது என்பது போன்ற தவறான நம்பிக்கைகளில் ஒன்றையாவது, அமெரிக்காவில் ஆய்வு செய்யப்பட்ட வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேர் நம்பியது 2016ல் வெளியான ஆய்வில் தெரிந்தது. இங்கே நம் காதில் விழுவது, "இவங்க எல்லாம் உழைச்சுப் பழகினவங்க, தாங்கிப்பாங்க" என்பது. எனக்கு இதைக் கேட்டால் கோபம் வரும்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். வலி முற்றும் முன்பே வேலையை நிறுத்தி, சிறு சிறு பகுதியாகப் பிரித்துச் செய்வது நாங்கள் கற்றுத் தரும் முக்கியமான பழக்கம். "இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் உட்காருங்கள்" என்று அவரிடம் சொன்னால் வேலை போய்விடும். அதனால் வரிசையை மாற்றினோம். பாதி வீடு துடைத்ததும் உட்கார்ந்து காய் நறுக்குவது, பிறகு மீதி வீடு. துணியை முழு வாளியாகத் தூக்காமல் இரண்டு நடையாக எடுத்துப் போவது. அதற்கும் வீட்டுக்கார அம்மாக்களிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள். வாரம் ஒரு முறை வரச் சொன்னால் அரை நாள் கூலி போகும். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நேரில், நடுவில் போனில் பேசினோம்.

மனநலச் சிகிச்சை பெறும் உரிமை, சாதி, வர்க்கம், பாலினம் பார்க்காமல் எல்லோருக்கும் உண்டு என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. வலியால் தூக்கம் கெட்டு மனசு சோர்ந்திருந்தால், டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். மருத்துவமனைக்குப் போகும்போது, தமிழ் தெரிந்த பெரியவர் யாராவது இருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். பேரனை வெளியே உட்காரச் சொல்லுங்கள். எரிகிறதா, குத்துகிறதா, உளைகிறதா என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.